ஓடிஎஃப் கோப்புகளைத் திறந்து படிக்க மட்டும் ஒரு சின்ன வியூவர்: முன்மொழிவு

சுவடிப்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். .ஓடிடி (உரை), .ஓடிஎஸ் (விரிதாள்), .ஓடிபி (விளக்கக்காட்சி) ஆகிய மூன்று வகை ஓடிஎஃப் கோப்புகளையும் திறந்து காட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஒரு மென்பொருள் வேண்டும் என்று நினைக்கிறேன். திருத்த முடியாது, சேமிக்க முடியாது, பக்கவாட்டில் இருபது பட்டன்கள் இருக்காது. இரண்டு முறை கிளிக் செய்தால் சட்டென்று திறக்கும், படிக்கலாம், தேடலாம், மூடிவிடலாம். பிடிஎஃப்புக்கு சுமாத்ராபிடிஎஃப் செய்கிற வேலையை ஓடிஎஃப்புக்குச் செய்ய மேசைக் கணினியில் சரியான ஆள் இல்லை.

இப்போது ஏன் என்று கேட்டால், விண்டோஸோடு சேர்ந்தே வந்த வேர்ட்பேட் போய்விட்டது. விண்டோஸ் 7 காலத்திலிருந்தே வேர்ட்பேட் .ஓடிடி கோப்பைத் திறக்கும். கோணல்மாணலாகத்தான் காட்டும், ஆனாலும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றாவது தெரியும். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் அதையே தூக்கிவிட்டார்கள். புதுக் கணினி வாங்கி, ஆபிஸுக்குப் பணம் கட்டாத ஒருவருக்கு ஒரு .ஓடிடி கோப்பு வந்தால் என்ன செய்வார்? லிப்ரே ஆபிஸ் என்ற இலவச ஆபிஸ் தொகுப்பை நிறுவச் சொல்வோம். இறக்கவே முந்நூறு எம்பிக்கு மேல். வட்டில் ஒன்றரை ஜிபி வரை இடம் வேண்டும் என்று அவர்களுடைய கணினித் தேவைப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. ஒரு சுற்றறிக்கையைப் படிக்க இவ்வளவா?

ஓடிஎஃப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: லிப்ரே ஆபிஸ் போன்றவை பயன்படுத்தும் திறந்த ஆவண வடிவம். 2005-ல் ஓயாசிஸ் அமைப்பின் தரநிலையாக வந்தது, 2006-ல் ஐஎஸ்ஓ 26300 ஆனது. கோப்பு என்பது வெறும் ஜிப் பொட்டலம்தான். பின்னொட்டை .ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உரை முழுக்க ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில், பாணிகள் இன்னொன்றில், ஆசிரியர் பெயர் போன்ற தகவல்கள் மூன்றாவதில், படங்கள் தனி ஃபோல்டரில். பொட்டலத்தின் முதல் உறுப்பு, இது என்ன வகை ஆவணம் என்று சொல்லும் ஒற்றை வரி. அதைச் சுருக்காமல் அப்படியே வைக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஜிப்பை அவிழ்க்காமலே, கோப்பின் 38-வது பைட்டிலிருந்து படித்தால் வகை தெரிந்துவிடும். இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்த வடிவத்துக்கு ஒரு சின்ன வியூவர் இல்லாதது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

என் யோசனை: எக்ஸ்எம்எல்லைப் படித்து எச்டிஎம்எல்லாக மாற்றி, கணினியில் ஏற்கெனவே இருக்கும் வெப்வியூவில் (செயலிக்குள் இணையப் பக்கம் காட்டும் உலாவிப் பகுதி) காட்டுவது. பக்க அமைப்பை அச்சு அசலாகக் காட்டப் போவதில்லை. திரைக்கு ஏற்றபடி உரை ஓடும், அவ்வளவுதான். கருத்துச் சொல்லுங்கள்.

பழைய பெங்குவின்

தம்பி, ஆர்வத்துக்கு வாழ்த்து. ஆனால் இந்த ஆசை உங்களுக்கு முன்னால் பலருக்கு வந்திருக்கிறது.

வெப்ஓடிஎஃப் என்று ஒன்று இருந்தது. உலாவிக்குள்ளேயே ஓடிஎஃப்பைக் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். நீங்கள் சொல்வதைவிட ஒரு படி மேலே போய், எக்ஸ்எம்எல்லை எச்டிஎம்எல்லாக மாற்றாமல் அப்படியே உலாவி பக்கத்தை நினைவில் வைக்கும் டாம் மரத்துக்குள் வைத்துவிட்டு, பாணிகளை மட்டும் சிஎஸ்எஸ்ஸாக (இணையப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) எழுதினார்கள். ஓடிஎஃப்பின் பாணிப் பெயர்கள் பல எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ தரநிலையிலிருந்து கடன் வாங்கியவை, சிஎஸ்எஸ்ஸுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்பதால் இது நடந்தது. நல்ல வேலை. அதை வைத்துத்தான் வியூவர்ஜேஎஸ் வந்தது. இன்று இரண்டும் கிட்டத்தட்ட உறக்கத்தில் இருக்கின்றன.

ஓகுலார் என்ற ஆவண வியூவர் .ஓடிடி திறக்கும். க்யூட்டி என்ற நிரல் நூலகத்தின் ஆவண வகைக்குள் உரையைக் கொட்டிக் காட்டுகிறது. அந்த வகைக்குத் தெரிந்தது எதுவோ அதுதான் திரையில் வரும். இதில் ஒரு வேடிக்கை, க்யூட்டி தானாகவே ஓடிஎஃப்பை எழுதும், படிக்காது. படிப்பதற்கு ஓகுலார்க்காரர்கள் தனியாக எழுத வேண்டியிருந்தது.

ஆண்ட்ராய்டில் லிப்ரே ஆபிஸ் வியூவர் இருக்கிறது. உள்ளே முழு லிப்ரே ஆபிஸ் எந்திரம், அதனால் பெயரில் மட்டும்தான் வியூவர். ஓப்பன்டாக்குமென்ட் ரீடர் என்ற இன்னொரு செயலி, சி++ நூலகம் ஒன்றை வைத்து எச்டிஎம்எல்லாக மாற்றிக் காட்டுகிறது. அதாவது உங்கள் யோசனையேதான்.

நான் சொல்ல வருவது: தலைப்பு, பத்தி, பட்டியல், படம் இதெல்லாம் சீக்கிரம் வந்துவிடும், ஊரே கைதட்டும். அப்புறம் அட்டவணைக்குள் அட்டவணை, சட்டகத்துக்குள் சட்டகம், அடிக்குறிப்பு, எண்ணிட்ட பட்டியல் நடுவில் நின்று மறுபடி தொடர்வது என்று வரிசையாக வரும். அங்கேதான் ஆட்கள் களைத்துப் போவார்கள். புதிதாகத் தொடங்காமல் இருப்பதில் ஏதாவது ஒன்றில் போய்ச் சேருங்கள்.

சின்னத்தறி

ரஸ்ட்டில் எழுதலாமா? நான் ரெடி.

பழைய பெங்குவின்

எந்த மொழியில் எழுதுவது என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்வியாக அதைக் கேட்ட திட்டங்களின் சமாதிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

திண்டுக்கல் ஜெராக்ஸ்

அண்ணன்மார்களே, இந்தப் பெயர்களில் பாதி எனக்குத் தெரியாது. டைப்பிங், ஜெராக்ஸ், பிரின்ட் அவுட் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருபவர்கள் வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பிவிட்டு, "அக்கா, இதைப் பிரின்ட் போட்டுக் கொடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பார்கள். பத்துக்கு ஒன்பது பிடிஎஃப் அல்லது வேர்ட். எப்போதாவது ஒரு .ஓடிடி வரும். அன்றைக்குப் பார்த்துத்தான் கூட்டமாக இருக்கும்.

லிப்ரே ஆபிஸ் போட்டு வைத்திருக்கிறேன். பழைய மெஷின். முதல் தடவை திறக்கும்போது அந்தப் பச்சைக் கோடு நகர்ந்து முடிப்பதற்குள் அடுத்த ஆள் "எவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிடுவார். அதனால் சின்ன வியூவர் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் பக்கம் அப்படியே வராது என்றால் எனக்கு என்ன பிரயோஜனம்? விண்ணப்பம் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்குப் போனால் ஆபீஸில் வாங்க மாட்டார்கள், திட்டு எனக்கு.

சுவடிப்பெட்டி

அக்கா, நீங்கள் சொன்னது சரியான இடம். இதை இப்போதே தெளிவாக்கிவிட்டால் பின்னால் சண்டை வராது.

பிடிஎஃப்பில் ஒவ்வொரு எழுத்தும் தாளில் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பது கோப்பிலேயே இருக்கிறது. ஓடிஎஃப்பில் அது கிடையாது. "இது பத்தி, இந்த எழுத்துரு, இந்த அளவு, தாள் ஏ4, ஓரம் இரண்டு செமீ" என்று மட்டும்தான் இருக்கும். எந்த வரி எங்கே உடைய வேண்டும், பக்கம் எங்கே முடிய வேண்டும் என்பதைத் திறக்கும் மென்பொருள் அந்த நேரத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறது. அனுப்பியவர் விண்டோஸில் லதா எழுத்துருவில் அடித்திருப்பார். உங்கள் லினக்ஸில் லதா இல்லை, லோஹித் தமிழோ நோட்டோவோ வந்து உட்காரும். ஒவ்வொரு எழுத்தின் அகலமும் மாறும், வரி மாறும், கையெழுத்து இடம் அடுத்த பக்கத்துக்கு ஓடும். இது லிப்ரே ஆபிஸிலேயே நடக்கிறது. உங்களுக்கும் நடந்திருக்கும்.

ஒரே ஒரு சின்ன உதவி கோப்புக்குள் இருக்கிறது. கடைசியாகச் சேமித்த மென்பொருள் எங்கே பக்கம் உடைத்ததோ, அங்கே மென்பக்க முறிவு என்று ஒரு குறியைப் போட்டு வைக்கலாம் என்று தரநிலை சொல்கிறது. லிப்ரே ஆபிஸ் போடுகிறது. அதைப் படித்து "இங்கே 3-ஆம் பக்கம் தொடங்கியது" என்று மங்கலான கோடு காட்டலாம். எழுதியவர் "நான்காம் பக்கம் இரண்டாவது பத்தியைப் பாருங்கள்" என்றால் போய்ப் பார்க்க அது போதும். அச்சடிக்கப் போதாது.

ஆகவே அச்சு வசதியே வேண்டாம் என்பது என் கட்சி. பட்டன் வைத்தால் நம்பி அழுத்துவார்கள்.

திண்டுக்கல் ஜெராக்ஸ்

பிரின்ட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வந்தது சரியான கோப்பா, எத்தனை பக்கம், கலரா கருப்பா என்று பார்த்துக் காசு சொல்வதற்கே பாதி நேரம் போகிறது. அதற்காவது உதவட்டும்.

வழிப்போக்கன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். படிக்க மட்டும்தான் என்றால் அனுப்புகிறவரையே பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்லலாமே? பிரச்சினையே முடிந்தது.

பழைய பெங்குவின்

கொள்கையாகச் சரி. பிரிட்டன் அரசு 2014-ல் இதைத்தான் முடிவு செய்தது: படிக்க மட்டுமான ஆவணங்கள் பிடிஎஃப் அல்லது எச்டிஎம்எல், சேர்ந்து திருத்த வேண்டியவை ஓடிஎஃப். ஆனால் கோப்பைப் பெறுகிறவர் கையில் அது இல்லையே. ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் முப்பதாயிரம் அரசுக் கணினிகளை லிப்ரே ஆபிஸுக்கு மாற்றப் போவதாக 2024-ல் அறிவித்தது. அந்த மாதிரி இடங்களிலிருந்து வெளியே வரும் கோப்புகள் எல்லாம் பிடிஎஃப் ஆகவா வரும்? யாரோ ஒருவர் அவசரத்தில் .ஓடிடி-யை அப்படியே இணைத்து அனுப்புவார். நம் ஊரிலும் அதே கதைதான்.

நூலகத் திண்ணை (யாழ்ப்பாணம்)

வணக்கம். எங்கட பக்கத்துப் பிரச்சினையையும் சொல்லி விடுகிறேன், பிறகு "முதலே சொல்லியிருக்கலாமே" என்று கேட்க வேண்டாம்.

எங்களிடம் இருக்கிற பழைய கோப்புகளில் பெரும்பகுதி பாமினி. யூனிகோட் வர முன்னம் தட்டச்சு செய்த மலர்கள், கூட்டக் குறிப்புகள், நினைவுக் கட்டுரைகள். கொஞ்சம் கொஞ்சமாக .ஓடிடி ஆக மாற்றிச் சேமித்து வைத்திருக்கிறோம். உள்ளே எழுத்து இன்னும் பாமினிதான். பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கோப்புக்குள் போவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்கிற ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி எழுத்துரு அந்தக் கணினியில் இருந்தால் அது அம்மா. இல்லாவிட்டால் வெறும் குப்பை. கைபேசியில் பாமினியை நிறுவி வைத்திருக்கிற ஆளை நான் இன்னும் காணவில்லை.

நீங்கள் எப்படியும் எக்ஸ்எம்எல்லை வாசித்து எச்டிஎம்எல் ஆக்கப் போகிறீர்கள். அந்த இடத்திலேயே, பாணியில் எழுத்துருப் பெயர் பாமினி என்று இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிக் காட்ட இயலுமா? கோப்பைத் தொடத் தேவையில்லை, காட்டும்போது மட்டும் மாற்றினால் போதும்.

சுவடிப்பெட்டி

முடியும். மேலோட்டமாகப் பார்க்கிறபோது தெரிவதைவிட வேலை கொஞ்சம் அதிகம், ஆனால் முடியும். மாற்று அட்டவணைகள் கட்டற்ற உரிமத்திலேயே கிடைக்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், எந்தத் துண்டு பாமினி என்று கண்டுபிடிப்பதில். ஒரு பத்தியில் எழுத்துருப் பெயர் நேரடியாக எழுதியிருக்காது. பத்திக்கு ஒரு பாணி, அந்தப் பாணிக்கு ஒரு தாய்ப் பாணி, அதற்கும் மேலே இயல்புநிலைப் பாணி. கீழிருந்து மேலே ஏறிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதைவிட்டு ஆவணம் முழுக்க ஒரே அடியாக மாற்றினால், நடுவில் டைம்ஸ் நியூ ரோமனில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியும் "தமிழாகி"விடும்.

தமிழ்நாட்டுக் கோப்புகளில் வானவில் என்ற பழைய எழுத்துரு வேறு இருக்கிறது, அதற்கு அட்டவணையே வேறு. 2010-ல் அரசாணை வந்து யூனிகோடும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கமும் தரம் என்று ஆன பிறகும் பழைய எழுத்துருவில் அடிப்பதை விடாதவர்கள் உண்டு. பெயர் வேறு, குறியாக்கம் அதே என்ற எழுத்துருக்களும் ஏராளம். அதனால் எழுத்துருப் பெயர்ப் பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்து, பயனர்களே சேர்க்கும்படி விட வேண்டும். மாற்றிக் காட்டும்போது மேலே ஒரு பட்டையில் "இந்த ஆவணத்தின் சில பகுதிகள் பாமினியிலிருந்து மாற்றிக் காட்டப்படுகின்றன" என்று சொல்லி, மூலத்தைப் பார்க்கவும் ஒரு பட்டன்.

நூலகத் திண்ணை

அது கிடைத்தால் மிச்சம் எதுவும் எனக்குத் தேவையில்லை. பரிசோதனைக்குக் கோப்புகள் தருகிறேன்.

கீற்றுக்கொட்டகை

தமிழ் என்று வந்துவிட்டதால் நானும் ஒன்று சொல்கிறேன். யூனிகோட் தமிழ்க் கோப்புகளையே இந்தக் குட்டி வியூவர்கள் எப்படிக் கெடுக்கின்றன என்று கொஞ்ச நாளாகப் பார்த்து வருகிறேன்.

ஓடிஎஃப்பில் ஒவ்வொரு எழுத்துப் பாணிக்கும் மூன்று பதிப்பு உண்டு. மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, சீன-ஜப்பானிய-கொரிய எழுத்துக்கு ஒன்று, சிக்கலான எழுத்துமுறைக்கு ஒன்று. தமிழ் மூன்றாவது வகை. லிப்ரே ஆபிஸில் தமிழ்ப் பத்தியைத் தேர்ந்து எழுத்துருவையும் அளவையும் மாற்றினால் அது போய் உட்காருவது "காம்ப்ளெக்ஸ்" என்று முடியும் பண்புகளில். முதல் வகைப் பண்பை மட்டும் படிக்கிற வியூவருக்கு இது கண்ணிலேயே படாது. தலைப்பை 20 புள்ளியில் வைத்திருப்பீர்கள், அது 12-ஆகக் காட்டும். வியூவரை எழுதியவர் ஐரோப்பியராக இருந்தால் அவருக்கு இந்தப் பிழை வாழ்நாளில் தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர் கோப்புகளில் எல்லாம் முதல் வகையிலேயே முடிந்துவிடும்.

இதே பாணியில் இன்னும் சில: "கொ" என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடும்போது இயல்பாக்கம் (இரண்டையும் ஒரே வடிவமாக்குவது) செய்யாவிட்டால், கண்முன்னே "கொடி" என்ற சொல் இருக்க, "கிடைக்கவில்லை" என்று சொல்லும். வரி உடைக்கும்போது "கி"-யைக் க தனி, விசிறி தனி என்று பிரிக்கும் வியூவரையும் பார்த்திருக்கிறேன். வெப்வியூ வழியில் போனால் எழுத்தைக் கோக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற எந்திரம் பார்த்துக்கொள்ளும், அது பெரிய நிம்மதி. காம்ப்ளெக்ஸ் பண்பும் தேடலும் நம் பாடு.

சின்னத்தறி

இது தெரியாது. இப்போதுதான் ஒரு கோப்பைப் பிரித்துப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. முதல் வகையில் லிபரேஷன் செரிஃப், காம்ப்ளெக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ்.

ஒரு சந்தேகம். .ஓடிஎஸ் கோப்புக்கு ஃபார்முலா எல்லாம் நாமே கணக்குப் போட வேண்டுமா? அது பெரிய வேலையாயிற்றே.

சுவடிப்பெட்டி

வேண்டாம். அங்கே ஓடிஎஃப் நமக்கு நல்லது செய்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஃபார்முலா, அதன் கடைசி விடை, அந்த விடை திரையில் தெரிந்த வடிவம் என மூன்றும் சேர்ந்தே இருக்கும். விடை 125000 என்றால் பக்கத்திலேயே "₹1,25,000.00" என்று உரையாகவும் இருக்கும். அதை எடுத்துப் போட்டால் முடிந்தது. இன்றைய தேதியைக் காட்டும் ஃபார்முலா மட்டும் சேமித்த நாளின் தேதியையே காட்டும். என்னைக் கேட்டால் படிக்கிறவருக்கு அதுதான் நல்லது.

கெடுதலும் ஒன்று வைத்திருக்கிறது. வெற்று வரிசைகளை ஒவ்வொன்றாக எழுதாமல் "இந்த வரிசையை இத்தனை முறை திருப்பிப் போடு" என்று ஒரு எண்ணைப் போட்டுவிடும். தாளின் எல்லை 10,48,576 வரிசை. பத்து வரிசையில் கணக்கு எழுதிவிட்டு, யாராவது ஒரு பத்தி (மேலிருந்து கீழாக வரும் நெடுவரிசை) முழுக்க வண்ணம் அடித்திருந்தால், மீதிப் பத்து லட்சத்துச் சொச்சம் வரிசையும் ஒரே வரியில் கடைசியில் உட்கார்ந்திருக்கும். விவரம் தெரியாமல் அந்த வரியை விரித்து எச்டிஎம்எல் அட்டவணையாக்கினால், ஆயிரத்து இருபத்து நான்கு பத்தி என்று வைத்துக்கொண்டாலே நூறு கோடிக் கட்டம். கணினி மூச்சுவிடாது. கோப்பின் அளவு என்னவோ எட்டு கேபிதான். உள்ளடக்கம் உள்ள கடைசிக் கட்டத்தோடு வெட்டிவிட வேண்டும்.

வரைபடங்களுக்கும் இதே மாதிரி ஒரு மாற்றுப் படம் பொட்டலத்துக்குள் இருக்கும். பல கோப்புகளில் அது ஸ்டார்ஆபிஸ் காலத்து மெட்டாஃபைல் வடிவம், உலாவிக்குப் புரியாது. முதல் பதிப்பில் "இங்கே ஒரு வரைபடம் உள்ளது" என்று பெட்டி போட்டு விட்டுவிடலாம்.

பூட்டும் சாவியும்

யாரும் பாதுகாப்பைப் பற்றிப் பேசவில்லையே என்று காத்திருந்தேன்.

மேக்ரோ (கோப்புக்குள் இருக்கும் நிரல்): ஓடாது என்பது இந்த வியூவரின் பெரிய லாபம். முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பை முதலில் இதில் திறந்து பார்க்கலாம். அந்தக் காரணத்துக்காகவே நான் பயன்படுத்துவேன்.

வெளிப்படங்கள்: படம் பொட்டலத்துக்குள் இல்லாமல் வெறும் இணைய முகவரியாக இருக்கலாம். வெப்வியூ அதைச் சமர்த்தாக இறக்கும், அனுப்பியவருக்கு நீங்கள் எப்போது எந்த ஐபியிலிருந்து திறந்தீர்கள் என்று தெரிந்துவிடும். பிணைய அணுகலையே முழுக்க அடைத்துவிடுங்கள். ஜிப் குண்டு, எக்ஸ்எம்எல் உள்பொருள் விரிவு (சின்னக் கோப்பு விரிக்கும்போது பிரம்மாண்டமாகப் பெருகும் தந்திரங்கள்) இரண்டுக்கும் உச்சவரம்பு வையுங்கள், இதெல்லாம் பழைய பாடம்.

எல்லாரும் தவறவிடுவது மாற்றப் பதிவு. யாராவது மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதியைப் போட்டுவிட்டு ஒரு வரியை நீக்கினால், நீக்கிய வரி கோப்பை விட்டுப் போகாது. உரையின் ஆரம்பத்தில் தனியாக ஒரு பகுதியில் பத்திரமாக இருக்கும், நீக்கியவர் பெயரும் நேரமும் சேர்த்து. "எக்ஸ்எம்எல்லில் பத்தி என்று வருவதையெல்லாம் வரிசையாக அச்சிடு" என்று எழுதிய எளிய கருவிகள், நீக்கிய வரிகளை ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே கொண்டுவந்து கொட்டும். ஒப்பந்த வரைவில் முதலில் எழுதி, பிறகு வேண்டாம் என்று அடித்த தொகை எதிர்த்தரப்பு கண்ணில் படுவதை யோசித்துப் பாருங்கள். லிப்ரே ஆபிஸில் திறந்தாலும் அது தெரியத்தான் செய்யும், ஆனால் அங்கே குறுக்குக் கோடு போட்டு "நீக்கப்பட்டது" என்று தெரியும். குட்டிக் கருவியில் அதுவே ஆவணத்தின் வாசகம் போலத் தெரிகிறது. அது தகவல் பிழை.

சுவடிப்பெட்டி

ஏற்கிறேன். நீக்கியவை இயல்பாக மறைந்திருக்கும். மேல்பட்டையில் "இந்தக் கோப்பில் மாற்றப் பதிவுகள் உள்ளன" என்று இருக்கும். கிளிக் செய்தால் குறுக்குக் கோட்டோடு காட்டும்.

அந்த மேல்பட்டைதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி என்று எனக்குப் படுகிறது. எல்லாவற்றையும் காட்ட நம்மால் முடியாது. ஆனால் எதைக் காட்டவில்லை என்று சொல்ல முடியும். வரைபடம் விடுபட்டதா, எழுத்துரு இல்லையா, வெளிப்படம் அடைக்கப்பட்டதா, எல்லாம் ஒரே இடத்தில். இருக்கும் குட்டி வியூவர்கள் மீது என் கோபமே, அவை வாயைத் திறக்காமல் விழுங்கிவிடுகின்றன என்பதுதான். படித்து முடித்தவர் முழுசாகப் படித்ததாக நினைத்துக்கொண்டு போகிறார்.

பழைய பெங்குவின்

இப்போது பேச்சு உருப்படியான இடத்துக்கு வந்திருக்கிறது. இருந்தாலும் இரண்டு கேள்வி.

ஒன்று, வெப்வியூ. விண்டோஸ் 10, 11-ல் வெப்வியூ2 என்பது உள்ளே குரோமியம்தான், அதாவது குரோம் உலாவியின் அடித்தளம். இறக்கும் கோப்பு சின்னதாக இருக்கும், ரேமில் அது சின்னதாக இருக்காது. விண்டோஸ் 7-ல் வெப்வியூ2-க்கு 2023-லேயே ஆதரவை நிறுத்திவிட்டார்கள், 109-ஆம் பதிப்போடு சரி. பாஸ் லினக்ஸோடும் (இந்திய அரசின் லினக்ஸ்) விண்டோஸ் 7-ஓடும் வந்த பழைய அரசு மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவர்களை விட்டுவிடுவீர்களா?

இரண்டு, ஏன் மாற்றும் பகுதியை மறுபடி எழுத வேண்டும்? ஓப்பன்டாக்குமென்ட் ரீடரின் சி++ நூலகம் இருக்கிறதே. ஆண்ட்ராய்டில் பலர் கையில் அடிபட்டுத் தேறியது.

சின்னத்தறி

அக்காவின் பழைய அரசு மடிக்கணினி வீட்டில் இருக்கிறது, பாஸ் லினக்ஸ் ஓடுகிறது. அதில் சோதிக்கிறேன். பேட்டரிதான் இல்லை, வயரோடுதான் உயிர்.

சுவடிப்பெட்டி

இரண்டுக்கும் சேர்த்தே விடை சொல்கிறேன். நேற்று இரவு அந்த நூலகத்தை இறக்கித் தொகுத்துப் பார்த்தேன். பாணிகளைத் தாய்வழியாக ஏறிப் பார்க்கும் வேலை, ஜிப், எக்ஸ்எம்எல் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. அதை மறுபடி எழுதுவதில் எனக்கு ஆசை இல்லை.

ஆகவே திட்டத்தை இப்படிச் சுருக்குகிறேன். மாற்றும் வேலைக்கு அந்த நூலகம். நம்முடையது அதன் மேல் ஒரு மெல்லிய உறை: ஒரு கட்டளைவரி நிரல், கோப்பைக் கொடுத்தால் ஒற்றை எச்டிஎம்எல்லும், விடுபட்டவற்றின் பட்டியலும் தரும். வெப்வியூ உள்ள கணினியில் அதைச் சன்னலில் காட்டுவோம். இல்லாத பழைய கணினியில், இருக்கும் உலாவியிலேயே தாவலாகத் திறந்துவிடுவோம், அதற்காகத் தனியாக எதுவும் இறக்க வேண்டியதில்லை. காம்ப்ளெக்ஸ் பண்புகளில் விடுபட்டது ஏதாவது இருந்தால் திருத்தத்தை மூல நூலகத்துக்கே அனுப்புவோம், அரபும் ஹீப்ரூவும் படிக்கிறவர்களுக்கும் அது உதவும். பாமினி மாற்றம் நம் உறையில் இருக்கட்டும், அதை அவர்கள் தலையில் கட்ட வேண்டாம்.

முதல் பதிப்பில் .ஓடிடி, .ஓடிஎஸ் மட்டும். .ஓடிபி-யில் ஒவ்வொன்றும் இடம் பார்த்து வைத்த பெட்டிகள், திரைக்கு ஏற்றபடி ஓடவிட முடியாது. அது தனிப் பிரச்சினை, பிறகு பார்க்கலாம். கடவுச்சொல் போட்ட கோப்புகளும் பிறகு.

பழைய பெங்குவின்

இதற்கு என் ஓட்டு உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை பிழைப் பட்டியலைப் பார்த்துத் தருகிறேன். அதற்கு மேல் கேட்காதீர்கள், வீட்டில் ஏற்கெனவே கணினியை வெளியே எறியப் போகிறார்கள்.

திண்டுக்கல் ஜெராக்ஸ்

உலாவியில் திறந்தால் கன்ட்ரோல் பி அடித்தால் பிரின்ட் வருமே? பட்டன் வேண்டாம் என்றீர்கள், இது பின்வாசல் ஆயிற்றே.

சுவடிப்பெட்டி

அக்கா, கடை நடத்துகிறவர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. தடுக்க முடியாது. ஆனால் அச்சில் மட்டும் தெரியும்படி, ஒவ்வொரு தாளின் மேலும் "பக்க அமைப்பு மூலத்தைப் போல இருக்காது" என்று ஒரு சின்ன வரி வரவைக்கலாம். விண்ணப்பத்தில் அந்த வரியோடு யாரும் கொடுக்க மாட்டார்கள், லிப்ரே ஆபிஸைத் திறந்துதான் ஆக வேண்டும்.

திண்டுக்கல் ஜெராக்ஸ்

வரட்டும். ஆட்களிடம் காட்டி, "பாருங்க, இதுல வராது, கொஞ்சம் உட்காருங்க" என்று சொல்ல எனக்கும் ஒரு சாட்சி.

சுவடிப்பெட்டி

சோதனைக் கோப்புகள் வேண்டும். பாமினி கலந்தவை, வானவில் கலந்தவை, தமிழும் ஆங்கிலமும் ஒரே வரியில் வருபவை, நெடுவரிசை முழுக்க வண்ணம் அடித்த .ஓடிஎஸ், மாற்றப் பதிவு உள்ளவை. நிஜமாகப் புழங்கிய கோப்புகளாக இருந்தால் நல்லது. நாமே உட்கார்ந்து செய்த கோப்பில் இந்தக் கோணல்கள் வராது.

பூட்டும் சாவியும்

அனுப்புவதற்கு முன் உள்ளே இருக்கும் பெயர், முகவரி, தொலைபேசி எண்களை மாற்றுங்கள். உரையில் மட்டும் மாற்றினால் போதாது. பொட்டலத்தில் மெட்டா.எக்ஸ்எம்எல் என்று ஒரு கோப்பு இருக்கும், அதில் முதலில் எழுதியவர் பெயர், கடைசியாகத் திருத்தியவர் பெயர் எல்லாம் இருக்கும். லிப்ரே ஆபிஸில் கோப்பு மெனுவில் பண்புகள் போய், தனிப்பட்ட தகவலை அழிக்கும் பட்டனை அழுத்திவிட்டுச் சேமியுங்கள். மாற்றப் பதிவிலும் பெயர் தனியாக இருக்கிறது, அதை மறக்க வேண்டாம்.

நூலகத் திண்ணை

எங்கட கோப்புகளில் அந்த இடத்தில் இருபது வருடத்துக்கு முந்தைய தட்டச்சாளரின் பெயர்தான் இருக்கும். அழித்துவிட்டு, திங்கட்கிழமை அனுப்புகிறேன்.